வாரிசுகளும் கற்பவர்களும்: நோர்வேயின் பிளாக் மெற்றல் இசையை முன்வைத்துச் சில குறிப்புகள்

நோர்வேயில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எழுச்சி பெற்ற 'பிளாக் மெற்றல்' இசை பற்றி எம்மவர் மத்தியில் பொதுவாக இரண்டு அபிப்பிராயங்களே உள்ளன. ஒன்று: அது தேவாலயங்களைக் கொளுத்திய சாத்தான் கூட்டத்தின் வெறியாட்டம், பிள்ளைகளை அதன் பக்கம் தலைவைத்துப் படுக்கவும் விடக்கூடாது. மற்றது: அது வசதி மிஞ்சிய நாட்டுப் பெடியளின் கூச்சல், கணக்கிலெடுக்க ஒன்றுமில்லை. முன்னது பெற்றோருடையது, பின்னது புத்திஜீவிகளுடையது. கேளாமலே சொல்லப்படுபவை என்பதில் இரண்டுக்கும் ஒற்றுமை உண்டு.

கேட்டுவிட்டுப் பேசினால் விடயம் இவ்வளவு இலகுவாக முடியாது. இந்த இசை தனியே இசையாக வரவில்லை. நாட்டார் கதை, பழைய மொழி, இழந்த மதம், இரத்தம் ஆகியவற்றை ஒரே முடிச்சாகக் கட்டிக்கொண்டு வந்தது. 'நாங்கள் இந்த மண்ணின் ஆதி வாரிசுகள். எங்கள்மீது அந்நிய மதமொன்று திணிக்கப்பட்டது. மூதாதையரிடம் திரும்புகிறோம்' என்பது அதில் ஒரு பகுதியினர் முன்வைத்த வாதம். தொன்மை பற்றி ஓயாது பேசும் சமூகமொன்றிலிருந்து பெயர்ந்து வந்த எமக்கு இக்குரல் நன்கு பரிச்சயமானது. ஆகவேதான் இதனை விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்.

எனது வாதம் சுருக்கமானது. இந்த இசை தன் சொந்தம் என்று உரிமை கொண்டாடிய மூன்றும் - ஒலி, மொழி, கதை - கடனாகவும் கல்வியாலும் பெறப்பட்டவை. கடன் மறைக்கப்பட்ட இடத்தில் அது கொலைகாரக் கருத்தியலுக்கு இடங்கொடுத்தது. கடன் வெளியே தெரிந்த இடத்தில் நல்ல கலைக்கு வழிவிட்டது.

*

முதலில் நடந்தவற்றைச் சொல்லிவிட வேண்டும். 1984இல் ஒஸ்லோவுக்கு அருகே தொடங்கப்பட்ட 'மேஹெம்' குழுவைச் சுற்றியே பின்னாளில் இந்த இளைஞர் வட்டம் திரண்டது. 1992 யூன் 6ஆம் திகதி பேர்கன் நகருக்கருகே இருந்த பன்தொப்ட் மரத்தேவாலயம் எரிந்து சாம்பலானது. செங்குத்து மரத்தூண்களின்மேல் எழுப்பப்படும் 'ஸ்தாவ்' வகைத் தேவாலயம் அது. 12ஆம் நூற்றாண்டில் சொங்ன் பகுதியில் கட்டப்பட்டு, 1883இல் பேர்கனுக்கு எடுத்து வரப்பட்டது. அதைத் தொடர்ந்து வேறு தேவாலயங்களும் எரிந்தன. அதே ஆண்டு ஓகஸ்டில் லில்லஹாமர் நகரில், 'எம்பரர்' குழுவின் முரசு வாசிப்பாளர் ஓரினச் சேர்க்கையாளர் ஒருவரைக் குத்திக் கொன்றார். 1993 ஓகஸ்ட் 10ஆம் திகதி மேஹெம் குழுவின் ஓய்ஸ்தைன் ஓர்செத் கொல்லப்பட்டார். கொன்றவர் 'பூர்சும்' என்ற பெயரில் தனியாளாக இசை வெளியிட்ட வார்க் விக்கர்னெஸ். பன்தொப்ட் எரிப்பில் அவர்மீதான குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. இக்கொலைக்கும் வேறு தேவாலயங்களை எரித்தமைக்குமாக 1994இல் 21 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. 2009இல் வெளியே வந்தார்.

தொடக்கத்தில் இவர்கள் பேசியது சாத்தானைப் பற்றி. சிறிது காலத்தில் சாத்தானின் இடத்துக்கு ஓடின் வந்தார். விக்கர்னெஸ் சிறையிலிருந்தே இனத்தூய்மைவாதத்தை எழுதலானார். 1994இல் 'டார்க்த்ரோன்' குழு தன் இசைத்தட்டொன்றின் பின்னட்டையில் 'நோர்வேஜிய ஆரிய பிளாக் மெற்றல்' என்று பொறிக்கவிருந்து, எதிர்ப்பு எழுந்ததும் கைவிட்டது. 'ஆரிய' என்ற சொல் இலங்கைத்தீவில் என்னென்ன வேலை செய்தது என்பதை அறிந்தவர்கள் நாம். அச்சொல் பனிக்காட்டிலிருந்து வந்தாலும் காது சுளிக்கவே செய்கிறது.

இது எல்லாக் குழுக்களையும் குறிக்காது. பலர் எரிப்பிலும் கொலையிலும் சம்பந்தப்படாதவர்கள். ஆயினும் 'வாரிசு' என்ற கருத்து அந்த வட்டத்தில் பொதுக் காற்றாக இருந்தது. அதையே இங்கு சோதிக்க விரும்புகிறேன்.

*

ஒலியிலிருந்து தொடங்கலாம். மெற்றல் இசையின் பிறப்பிடம் காடு அன்று, தொழிற்சாலை. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் தகட்டு ஆலையொன்றில் வேலை செய்த ரொனி அயோமி என்ற 17 வயது இளைஞனின் வலதுகை விரல்நுனிகள் இரண்டை 1965இல் எந்திரம் துண்டித்தது. அவன் இடதுகைப் பழக்கக்காரன். ஆகவே கிற்றார் நரம்புகளை அழுத்த வேண்டிய கையே சேதமானது. பிளாஸ்ரிக்கை உருக்கி விரலுறைகள் செய்து மாட்டிக்கொண்டு வாசித்தான். நரம்புகள் நோகாதிருக்க மெல்லிய கம்பிகளைத் தேடினான். பின்னர் சுருதியைத் தாழ்த்தினான். 'பிளாக் சபத்' குழுவின் அந்தக் கனத்த, தாழ்ந்த ஒலிக்குள் ஒரு தொழிலாளியின் காயம் இருக்கிறது. மெற்றல் என்ற முழு இசை வகையும் அந்த ஒலியிலிருந்து கிளைத்தது.

'பிளாக் மெற்றல்' என்ற பெயரும் நோர்வேயுடையதன்று. இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து 'வெனம்' குழு 1982இல் வெளியிட்ட இசைத்தட்டின் தலைப்பு அது. வைக்கிங் கதைகளை மெற்றலுக்குள் கொண்டுவந்து நோர்வே இளைஞர்களுக்கு முன்மாதிரியானது சுவீடனின் 'பாத்தரி' குழு. அவர்கள் பாடியது ஆங்கிலத்தில்.

நோர்வேயில் நடந்தது என்ன? கனம் குறைக்கப்பட்டது. கிற்றார் மேற்சுருதியில் மெல்லிய, இடைவிடாத அதிர்வாக மாறியது. முரசு தாங்கமுடியாத வேகத்தில் ஒரே தாளத்தை அடித்தது. ஒலிப்பதிவு வேண்டுமென்றே மட்டமாகச் செய்யப்பட்டது. ரசிகர்கள் இதைப் பனிப்புயல் என்பார்கள், காடு என்பார்கள். எட்டு மணிநேரம் பொதியிடும் எந்திரத்தோடு நிற்கும் எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை. சுருதி மாறாது, களைக்காது, மனிதக் கைக்கு மிஞ்சிய வேகத்தில் திரும்பத் திரும்ப வருவது காட்டின் ஒலி அன்று. காட்டில் எதுவும் அப்படித் திரும்பவருவதில்லை. அது நவீன எந்திரத்தின் ஒலி. தொழிற்சாலையில் பிறந்த இசை, தொழிற்சாலை மணத்தைக் கழுவிவிட்டுக் காட்டுக்குள் புகுந்து தன்னை ஆதிவாசி என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறது. ஆனால் முரசு அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அட்டைப்படத்தில் காடு, உள்ளே ஆலை. இந்த முரண்பாடுதான் இந்த இசையின் உண்மையான பலம் என்பேன். அதைப் படைத்தவர்களிற் பலர் அதனை ஒப்பமாட்டார்கள்.

*

அடுத்தது மொழி. புறத்தியானாக வந்து வளர்ந்த வயதில் இம்மொழியைப் படித்தவருக்கு ஒரு விடயம் விரைவில் விளங்கும்: 'நோர்வேஜிய மொழி' என்று ஒன்று இல்லை. வகுப்பில் எமக்கு 'பூக்மோல்' என்ற எழுத்து வடிவம் கற்பிக்கப்படுகிறது. வேலைக்குப் போனால் எவரும் அப்படிப் பேசுவதில்லை. 'நான்' என்பதற்கு வகுப்பில் 'யை' என்று படித்திருப்போம். பக்கத்தில் நிற்பவர் 'ஏக்' என்பார், வடக்கிலிருந்து வந்தவர் 'ஆ' என்பார், உள்நாட்டுக்காரர் 'யே' என்பார். அவரவர் ஊர்ப் பேச்சிலேயே பாராளுமன்றத்திலும் பேசலாம். பண்டிதத் தமிழைப் பயந்து வளர்ந்த எமக்கு இது வியப்பான ஜனநாயகம்.

இதன் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1814வரை நோர்வே டென்மார்க் அரசின் கீழ் இருந்தது. பின்னர் 1905வரை சுவீடனுடனான ஒன்றியத்தில். எழுத்துமொழி டேனிஷ். பாதிரியாரும் நீதிபதியும் எழுதுவினைஞரும் எழுதியது அதையே. மேற்குக் கரைக் கமக்காரக் குடும்பத்துப் பிள்ளையான ஈவார் ஓசன் (1813-1896) தானாகவே மொழியியல் கற்று, ஊரூராக நடந்து பேச்சுவழக்குகளைத் திரட்டி, 1848இல் இலக்கணமும் 1850இல் அகராதியும் வெளியிட்டார். அவற்றிலிருந்து புதிய எழுத்துமொழியொன்றை அமைத்தார். 1885இல் பாராளுமன்றம் அதற்கு டேனிஷ்வழி மொழியோடு சம அந்தஸ்து வழங்கியது. 1929 முதல் அதன் பெயர் 'நீநொஷ்க்', அதாவது புதிய நோர்வேஜியம். டேனிஷிலிருந்து சிறிது சிறிதாகத் திருத்தப்பட்டு வந்ததே பூக்மோல்.

இப்போது 'உல்வர்' குழுவின் 'பேர்க்தாத்' (1995) என்ற இசைத்தட்டை எடுத்துக்கொள்வோம். என் அபிப்பிராயத்தில் இந்த இசை வகையின் மிகச் சிறந்த படைப்புகளுள் ஒன்று. 'ஐந்து அத்தியாயங்களில் ஒரு கதை' என்பது அதன் உபதலைப்பு. மலைவாழ் மாய மக்களால் கவர்ந்து செல்லப்படும் ஒரு பெண்ணின் கதை. அலறலும் எந்திர முரசும் ஒருபுறம். தேவாலயப் பாடகர்குழுவை நினைவூட்டும் அமைதியான குரல்களும் மின்சாரமற்ற கிற்றாரும் மறுபுறம். பாடகனுக்குப் பதிவின்போது வயது சுமார் 18. பாட்டுகள் பழைய மொழியில் எழுதப்பட்டுள்ளன. அந்தப் பழைய மொழி எது? டேனிஷ். உபதலைப்பின் எழுத்துக்கூட்டலே டேனிஷ் காலத்துக் கூட்டல். அதாவது 'ஆதி நோர்வே'யைத் தேடிப்போன இளைஞர்கள் சென்றடைந்தது, நானூறு ஆண்டு தம்மை ஆண்ட அரசின் கந்தோர் மொழியை. கமக்காரரின் வாய்மொழியிலிருந்து ஓசன் உருவாக்கியது அவர்கள் காதுக்குப் போதிய அளவு 'பழையதாக' இல்லை. அது அவர்களுக்குப் பள்ளிக்கூடத்துக் கட்டாயப் பாடம். பாட்டி வீட்டுக் கதைப்புத்தகத்தின் எழுத்துக்கூட்டலே அவர்களுக்குத் தொன்மையின் மணத்தைத் தந்தது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. 'பேர்க்தாத்' தன்னை ஒரு கதை, ஒரு புத்தகம், அத்தியாயங்கள் கொண்டது என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறது. அது காட்டிலிருந்து நேரே வந்ததாகப் பாசாங்கு செய்யவில்லை. இன்னும் இரண்டு உதாரணங்கள்: பேர்கன் பக்கத்து 'என்சிலேவ்ட்' குழு தன் முதல் முழு இசைத்தட்டின் (1994) பாடல்களிற் பெரும்பாலானவற்றை ஐஸ்லாந்து மொழியில் எழுதியது. தம் மூதாதையர் குரலில் பேச நோர்வேக்காரர் ஓர் அயல்நாட்டு மொழியைக் கற்கவேண்டியிருந்தது. மாறாக, சொங்ன் பள்ளத்தாக்கின் 'விந்திர்' குழு தன் ஊர்ப் பேச்சிலேயே பாடியது. '1184' (2001) என்ற இசைத்தட்டுக்குத் தம் ஊர்க்கரையில் அவ்வாண்டு நடந்த கடற்சமரின் ஆண்டையே பெயராக வைத்தது. ஊரைப் பாடுவதும் இரத்தத்தைப் பாடுவதும் வேறு வேறு என்பதற்கு விந்திரைக் காட்டலாம்.

தொன்மைமொழிப் பித்தைக் கேலி செய்தவரும் ஒரு நோர்வேக்காரரே. இப்சனின் 'பேர் கிந்த்' (1867) நாடகத்தில், கெய்ரோ மனநோயகத்தில் ஒருவன், குரங்கினத்தின் ஆதி மொழியை மீட்கவேண்டும் என்று வாதிடுகிறான். ஓசனின் இயக்கத்தை நோக்கிய அம்பு அது. ஓசனுக்கு அது முற்றிலும் நியாயமானதன்று. அதே நாடகத்தில் மாய மலைமக்களின் அரசன், பேரைத் தம்மவனாக்க அவன் கண்ணைக் கீறவேண்டும் என்கிறான். அப்போதுதான் அழுக்கு அழகாகத் தெரியுமாம். தன் பண்டத்தையே உலகத்தின் சிறந்ததாகக் காணவைக்கும் அந்தக் கீறல், எந்தத் தேசியவாதத்துக்கும் பொருந்தும்.

*

மூன்றாவது, கதை. ட்ரொல் என்ற பூதம், பசுவின் வாலை மறைத்துக்கொண்டு வரும் அழகி ஹுல்த்ரா, பாதிப் படகில் வரும் கடற்பேய் திரௌக் எல்லாம் இந்த இசையின் அட்டைகளிலும் பாடல்களிலும் திரிகின்றன. இவற்றைப் படிக்கும் யாழ்ப்பாணத்தானுக்கு அந்நியம் தோன்றாது. இங்கே பிறந்த குழந்தையை மாய மக்கள் மாற்றிவிடாமல் தொட்டிலில் இரும்பு வைத்தார்கள். அங்கே கொத்திக்குப் பயந்து பிள்ளைப்பெறு வீட்டில் இரும்பு வைத்தார்கள். ஹுல்த்ராவை மோகினிக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லிவிடலாம். பயம் எங்கும் ஒரே பாடத்தைத்தான் படித்திருக்கிறது.

இக்கதைகளைத் திரட்டியவர்கள் பேத்தர் கிறிஸ்தன் அஸ்பியோர்ன்சன், யோர்கன் மூ என்ற இரு நண்பர்கள். 1841 முதல் 1844வரை சிறுசிறு பகுதிகளாக வெளியிட்டார்கள். முன்னவர் தலைநகரில் பிறந்தவர். பின்னவர் கடைசியில் பேராயரானவர். கேட்டது கிராமத்து வாய்மொழி. அச்சிட்டது டேனிஷ் எழுத்துக்கூட்டலில். நாட்டுப்பாடல்களைத் திரட்டி 1853இல் வெளியிட்ட லான்ஸ்தாட் ஒரு பாதிரியார். இன்னும் பின்னால் போவோம். ஓடின், தோர் பற்றி நாம் அறிவதற்கு முதன்மையான ஆதாரம் ஐஸ்லாந்தின் இரண்டு 'எத்தா' நூல்கள். ஒன்றை 1220 அளவில் எழுதிய ஸ்நொரி ஸ்தூர்லுசொன் ஒரு கிறிஸ்தவர். மற்றதன் முதன்மைச் சுவடி 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நாடு கிறிஸ்தவமாகி இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் சென்றபின் எழுதப்பட்டது. அதைப் பேணி 1662இல் டென்மார்க் அரசருக்கு அனுப்பியவர் ஐஸ்லாந்துப் பேராயர் பிரின்யோல்வர். அது ஐஸ்லாந்துக்குத் திரும்பியது 1971இல். கடல்நாகத்தைக் கொன்ற தோரின் கதையைப் பாதிரிமார் காப்பாற்றியிராவிட்டால், தேவாலயத்தை எரிப்பவருக்குச் சொல்ல ஒரு கதை இருந்திராது.

எரிக்கப்பட்ட கட்டடங்களே இதற்குச் சாட்சி. செத்தஸ்தால் பகுதியின் ஹீலஸ்தாத் மரத்தேவாலயத்து வாயில் நிலைகளில், நாகத்தைக் கொன்ற சிகூரின் கிறிஸ்தவத்துக்கு முந்திய கதை செதுக்கப்பட்டிருந்தது. இன்று அவை ஒஸ்லோ அருங்காட்சியகத்தில் உள்ளன. மரத்தேவாலயங்களின் கூரை முகடுகளில் யாளிபோன்ற நாகத்தலைகள் நிற்கின்றன. நோர்வேயில் எஞ்சியிருக்கும் மத்தியகால மரத்தேவாலயங்கள் 28தான். அந்நிய மதத்தின் சின்னம் என்று கொளுத்தப்பட்டது, பழைய மதத்தின் கைவினை கடைசியாக ஒதுங்கியிருந்த கொட்டிலை.

கதைகளின் உள்ளேயும் இதே கலப்புத்தான். ட்ரொல் மனிதனை மோப்பம் பிடிப்பது கிறிஸ்தவ இரத்தத்தின் மணத்தால். மலைக்குள் கவர்ந்து செல்லப்பட்டவரை மீட்க ஊரார் தேவாலய மணியை அடிப்பார்கள்; மணியோசை கேட்டால் மாயம் அவிழும். சில கதைகளில் மணிக்கயிறு அறுந்துவிடும், போனவர் போனவரே. மணியை எடுத்துவிட்டால் இக்கதைகளில் கதை இல்லை. 'பேர்க்தாத்'தின் கடைசி அத்தியாயத் தலைப்பு, பெண் மலையறைகளுக்குள் போவதைச் சொல்கிறது. அங்கே மணி ஒலிப்பதில்லை. 1995இல் நோர்வேயில் தேவாலயங்கள் எரிந்துகொண்டிருந்த சூழலில் இந்த மௌனம் என்னை உறுத்துகிறது. படைப்பாளிகள் அதை எண்ணிச் செய்தார்களா என்பது வேறு விடயம். கேட்பவனுக்கு அது ஒரு பொருளைத் தருகிறது.

இதைவிட மோசமான கையாள்கை பூர்சுமின் 1994 இசைத்தட்டு அட்டையில் உண்டு. அதில் தியோடர் கித்தெல்சனின் (1857-1914) 'ஏழை மனிதன்' என்ற ஓவியம் பயன்படுத்தப்பட்டுள்ளது. 1349இல் நோர்வேக்கு வந்த கொள்ளைநோய் பற்றி அவர் வரைந்த தொடரில் ஒன்று. காட்டுவழியில் அநாதையாகச் செத்துக் கிடக்கிறான் ஒருவன், சுற்றிலும் காகங்கள். அதே தொடரில் கொள்ளைநோய் ஒரு கிழவியாக வருவாள். அவள் வாரியோடு வந்தால் சிலர் மிஞ்சுவர். விளக்குமாற்றோடு வந்தால் ஒருவரும் மிஞ்சார். வறுமையில் வளர்ந்த கித்தெல்சனுக்கு அந்தப் பிணம் ஒரு ஏழையின் பிணம். இசைத்தட்டில் அது இழந்துபோன 'எங்கள் பழைய நோர்வே'யின் குறியீடாகிவிடுகிறது. ஏழை காணாமற்போய் இனம் வந்து குந்திவிடுகிறது. நாட்டாரியலைத் தேசியவாதம் கையாளும் விதத்தை இதைவிடச் சுருக்கமாக விளக்க முடியாது.

*

தம் பழைய மதம் உண்மையிலேயே தேவாலயத்தாலும் அரசாலும் அழிக்கப்பட்ட மக்கள் இந்நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் சாமி மக்கள். 1692இல் அண்டர்ஸ் பவுல்சன் என்ற முதிய சாமி பூசாரி, பறை வைத்திருந்தமைக்காக வாத்சோவில் விசாரிக்கப்பட்டார். தீர்ப்புக்கு முன் காவலில் கொல்லப்பட்டார். அவரது பறை கோபன்ஹேகன் சென்றது. சாமி அருங்காட்சியகத்துக்கு அது சட்டப்படி உரித்தானது 2022இல்தான். பின்னாளில் பள்ளிக்கூடங்கள் சாமி மொழியையும் 'யோய்க்' பாட்டையும் ஒதுக்கின. இந்த 'நோர்வேஜியமயமாக்கல்' பற்றிப் பாராளுமன்றம் அமைத்த ஆணைக்குழு 2023இல் அறிக்கை தந்தது. மாரி பொய்ன என்ற சாமிப் பாடகி யோய்க் மரபிலிருந்து எடுத்த குரலில் உலகமறிய எழுந்தது 1989இல், பிளாக் மெற்றல் எழுச்சிக்குச் சற்று முன்பு. 'அந்நிய மதம் எம்மீது திணிக்கப்பட்டது' என்று முழங்கியவர்கள், தம் வடக்கே நடந்த உண்மையான திணிப்பைப் பற்றிப் பேசவில்லை. அதில் திணித்தவர்கள் அவர்களது மூதாதையர். வாரிசுரிமை கேட்பவர் கடன்பத்திரத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இது வெறும் புத்தக விவாதம் அன்று. 2011 யூலை 22ஆம் திகதி 77 பேரைக் கொன்ற வலதுசாரிப் பயங்கரவாதி தன் துப்பாக்கிக்கு ஓடினின் ஈட்டியின் பெயரையும் கைத்துப்பாக்கிக்குத் தோரின் சம்மட்டியின் பெயரையும் சூட்டியிருந்தான். அவனுக்கும் பிளாக் மெற்றலுக்கும் நேரடித் தொடர்பு இருந்ததாக நான் சொல்லவில்லை. பெயர்கள் எந்தச் சேமிப்பிலிருந்து எடுக்கப்படுகின்றன என்பதையே கவனிக்கச் சொல்கிறேன். அன்று உத்தேயாத் தீவிலிருந்து நீந்தித் தப்பியவர்களுள் ஒருவர் ஈழத்தில் பிறந்து மூன்று வயதில் இங்கு வந்த கம்சாயினி குணரத்தினம். பின்னர் அவர் ஒஸ்லோவின் உதவி நகரபிதாவாகவும் பாராளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். எத்தா நூல்களின் சொற்கள் எம் பிள்ளைகளை நோக்கித் திரும்பிய நாள் அது.

நோர்வேயின் மரபு இந்த ஒரு கோடு மட்டுமன்று. 1814 அரசியலமைப்பின் 2ஆம் பிரிவு யூதர்கள் நாட்டுக்குள் வருவதையே தடைசெய்தது. அதற்கெதிராக எழுதியவர் கவிஞர் ஹென்ரிக் வேர்கலன். அவர் 1845இல் இறந்தார்; தடை 1851இல் நீங்கியது. இருவழியும் அங்கே உண்டு. எந்த வழியைத் தொடர்வது என்பது பிறப்பால் தீர்வதில்லை. இசை வட்டத்திலும் மாற்றம் நிகழ்ந்தது. ஓரினச் சேர்க்கையாளர் ஒருவர் கொல்லப்பட்ட அதே வட்டத்தில், 'கொர்கொரொத்' குழுவின் பாடகர் காலிருந்து 2008இல் தான் அத்தகையவர் என்று வெளிப்படையாக அறிவித்தவர் வந்தார். அக்குழுவில் முன்பு முரசு வாசித்த ஐனார் செல்விக், 'வார்த்ரூனா' என்ற பெயரில் பழைய வாத்தியங்களைத் தேடிக் கற்று இசைக்கிறார். இனவாதிகள் இம்மரபைக் கைப்பற்றுவதை எதிர்த்துப் பேசியும் வருகிறார்.

*

இனிப் பக்கத்து நாட்டுக்கு. பின்லாந்தின் தேசிய காவியம் என்று போற்றப்படும் 'கலேவலா'வைத் தொகுத்தவர் எலியாஸ் லொன்ரொத் என்ற மருத்துவர். முதற்பதிப்பு 1835, விரிந்த பதிப்பு 1849, ஐம்பது பாடல்கள், 22,795 அடிகள். அப்பாட்டுகளிற் பெருந்தொகையை அவர் பெற்றது எல்லைக்கு அப்பால், ருசியப் பகுதியான கரேலியாவின் பாடகர்களிடம். 1994இல் ஹெல்சிங்கியின் 'அமோர்பிஸ்' குழு கலேவலாவை அடியொற்றி மெற்றல் இசைத்தட்டொன்றை வெளியிட்டது. பாட்டுகள் ஆங்கிலத்தில் இருந்தன. அதே 1994இல் கலேவலா முழுவதும் தமிழ்க் கவிதையில் வெளிவந்தது. மொழிபெயர்த்தவர் ஈழத்தில் 'உதயணன்' என்ற பெயரில் நாவல்கள் எழுதிப் பின் பின்லாந்தில் குடியேறிய ஆர். சிவலிங்கம். முன்னுரை எழுதியவர் சிந்துவெளி ஆய்வாளர் அஸ்கோ பர்போலா.

இந்த இரண்டில் எது கலேவலாவின் 'உண்மையான' வாரிசு? பின்லாந்தில் பிறந்து ஆங்கிலத்தில் அலறியவர்களா? வெளியிலிருந்து வந்து ஐம்பது பாடல்களையும் அடியடியாகத் தமிழாக்கியவரா? கேள்வியே பிழையானது. இருவரும் கற்றுத்தான் பெற்றார்கள். லொன்ரொத்தும் அப்படியே, ஓசனும் அப்படியே.

எமது வரலாறும் இதற்கு விலக்கன்று. சங்க இலக்கிய மீட்பை எம்மவர் குருதிவழிச் சொத்து கிடைத்த கதையாகவே சொல்லிக்கொள்வர். ஆனால் 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, வட்டுக்கோட்டைச் செமினரியில் அமெரிக்க மிசனரிமாரிடம் படித்தவர். அதே ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், சைவ மடத்தில் கற்றவர்; சமணக் காவியத்தின் பொருள் விளங்காது கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குச் சென்று கேட்டறிந்தார். அறுபதுகளில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தபோது, மாணவர்கள் அதைக் கிராமத்து அண்ணாவிமாரிடம் கற்கவேண்டியிருந்தது. எந்தத் தமிழரும் இவற்றைப் பிறப்போடு கொண்டுவரவில்லை. பிறப்போடு வந்ததென்று சொல்லத் தொடங்கும்போது, யாரிடம் கற்றோம் என்பது மறைந்துபோகிறது. சமணரும் மிசனரியும் ஒடுக்கப்பட்ட சாதிக் கலைஞரும் கதையிலிருந்து நீங்கிவிடுகிறார்கள். நோர்வேயில் டேனிஷ்காரரும் பாதிரியாரும் பேர்மிங்ஹாம் தொழிலாளியும் நீங்கியதைப் போலவே.

ஆகவே இரண்டு விடயங்களைச் சொல்லி நிறுத்துகிறேன். முதலாவது, எமது புகலிட எழுத்து நோர்வேஜியப் பண்பாட்டைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் இப்சனோடு நின்றுவிடுகிறது. அதுவும் விருந்தாளியின் மரியாதையோடு. இந்நாட்டின் ஆலைகளில் உழைத்து, வரி கட்டி, மொழியைச் சொல் சொல்லாகக் கற்றவர்களுக்கு விருந்தாளி வேடம் தேவையில்லை. அவர்களது நாட்டார் கதையையும் அதை வைத்து நடக்கும் அரசியலையும் விமர்சிக்க எமக்கு உரிமை உண்டு. கற்றவருக்குரிய உரிமை அது.

இரண்டாவது, இங்கு பிறந்த எம் பிள்ளைகளிடம் இரு பக்கமிருந்தும் வாரிசுப் பத்திரம் கேட்கப்படுகிறது. பள்ளிக்கூடத்தில் அஸ்பியோர்ன்சன் கதையைப் படிக்கும் பிள்ளையிடம், அது உன் கதையன்று என்று ஒரு தரப்பு சொல்கிறது. வீட்டில் அதே பிள்ளையிடம், இருபதாயிரம் ஆண்டுத் தமிழின் இரத்தம் உன்னில் ஓடுகிறது என்று நாம் சொல்கிறோம். இரண்டும் ஒரே தர்க்கம். முதலாவதை இனவாதம் என்று கண்டிக்கும் நாம், இரண்டாவதைப் பண்பாட்டு வகுப்பு என்ற பெயரில் ஞாயிறுதோறும் நடத்திக்கொண்டிருக்கிறோம். இதைப் பற்றி இவ்விதழில் விவாதம் நடக்கவேண்டும். முக்கியமாக, அவ்வகுப்புகளை நடத்துபவர்கள் பதில் எழுதவேண்டும்.